திருநூல்களை அச்சேற்றிய கைம்பெண்கள்



என் மேசைமீது பழைய தேவாரத் திரட்டு ஒன்று இருக்கிறது. அதன் அட்டை கழன்றுவிட்டது. ஏடுகளின் ஓரங்கள் பழுப்பேறி உதிர்கின்றன. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது மருதானையிலிருந்த எங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அன்று என் பாட்டியார் கையில் எடுத்த துணிப்பையினுள் இருந்தவை மூன்றே பொருள்கள்: மாற்றுச் சேலை ஒன்று, அவருடைய மருந்துக் குளிகைகள், இந்தப் புத்தகம். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. நகைப்பெட்டியை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்து வந்தீர்கள் என்று பின்னர் முகாமிலே அவரைக் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் முதல் ஏட்டைத் திருப்பிக் காட்டினார். அச்சிடப்படாத அந்த வெற்றுத் தாளிலே, அவருடைய தாயாரின் கையெழுத்திலும் அவருடைய கையெழுத்திலுமாக, எங்கள் குடும்பத்துப் பிறப்புகளும் இறப்புகளும் நாளும் நட்சத்திரமும் குறித்து எழுதப்பட்டிருந்தன.

அந்த ஏட்டை அடுத்து வருவது நூலின் முகப்பு. பாடியருளினோர் பெயர்கள் அங்கே இருக்கின்றன. பிரதிகளை ஒப்புநோக்கித் திருத்திய புலவரின் பெயர், பொருளுதவி செய்த கனவானின் பெயர், அச்சியந்திரசாலையின் பெயர், ஆண்டு யாவும் முறையாக இருக்கின்றன. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசைப்படுத்தியவர் யார், தாளை மடித்துத் தைத்தவர் யார் என்பது மாத்திரம் இல்லை. பெண்ணின் பெயர் ஒன்றேனும் அச்சிலே இல்லை. கையால் எழுதிய ஏட்டிலேதான் பெண்கள் இருக்கிறார்கள்.

பெண்கள் அச்சுத்தொழிலில் ஈடுபடவில்லை, ஆகையால் அவர்கள் பெயர் இல்லை என்று நெடுங்காலம் நான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையானது. சமய நூல்கள் அச்சேறத் தொடங்கிய நாள் முதலாகவே பெண்கள் அப்பணியில் இருந்தனர். ஆனால் அவர்கள் பெயர் நூலின் முகப்பில் ஏறுவதற்குப் பெரும்பாலும் ஒரு கதவே திறந்திருந்தது. கணவனை இழந்த பிறகு திறக்கும் கதவு அது. ஐரோப்பாவிலே அக்கதவு எவ்வாறு திறந்தது, நம் பாரத கண்டத்திலே அது மூடியிருந்தபோது ஒரு பெண்மணி அதை எவ்வாறு திறந்தார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அந்தத் தொழிலைச் சிறிது தெரிந்துகொள்வோம். இன்று கணினி வந்துவிட்டது. ஈய எழுத்துகளைக் கண்ட இளைஞர்கள் அரியர். என் சிறுவயதிலே மருதானையில் எங்கள் தெருமுனையில் ஓர் அச்சகம் இருந்தது. பள்ளி விட்டு வரும்போது அதன் சன்னலருகே நின்று பார்ப்பது என் வழக்கம். சாய்வாக வைத்த மரத்தட்டுகளிலே சிறுசிறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. அச்சுக் கோப்பவர் இடக்கையிலே சிறிய உலோகச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் எழுத்துகளைப் பொறுக்கி அதில் அடுக்குவார். எழுத்துகள் கண்ணாடியிற் காணும் உருவம்போல இடம்வலம் மாறியிருக்கும். அவற்றை அவ்வாறே படிக்கப் பழகியவரே தொழில் தெரிந்தவர். வரிகள் சேர்ந்து பக்கமானதும் இறுக்கிக் கட்டி, மை தடவி, ஒரு படி எடுப்பார்கள். அந்த முதற்படியைப் பார்த்துப் பிழை திருத்திய பின்னரே அச்சு ஓடும். ஆங்கிலத்துக்குச் சில பத்து அறைகள் போதும். நம் தமிழுக்கோ நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் வேண்டும். பலமான தோள்கள் வேண்டியது அச்சுப்பொறியின் கைப்பிடியை இழுப்பதற்கே. எழுத்துக் கோப்பதற்கும் பிழை திருத்துவதற்கும் வேண்டியவை கூர்ந்த கண்ணும் பொறுமையும் எழுத்தறிவுமே. பெண்ணுக்கு எழுத்தறிவு கிட்டிய இடமெல்லாம் இந்தத் தொழிலும் அவளுக்குக் கிட்டக்கூடியதாயிற்று.

ஜேர்மனியிலே கூட்டன்பர்க்கு 1450களில் வேதாகமத்தை அச்சிட்டார். அதற்குப் பின் ஒரு தலைமுறை கழிவதற்குள்ளேயே பெண்கள் இத்தொழிலில் இருந்ததற்குச் சான்றுகள் கிடைக்கின்றன. இத்தாலியிலே புளோரன்சு நகரில் சான் யாக்கப்போ தி ரிப்போலி என்ற கன்னியர் மடம் இருந்தது. 1476ஆம் ஆண்டிலே அம்மடத்தில் ஓர் அச்சகம் நிறுவப்பட்டு 1484 வரை இயங்கியது. துறவுக் கன்னியர் சிலர் அங்கே எழுத்துக் கோத்தனர். மடத்தின் கணக்குப் புத்தகம் அழியாமல் இருப்பதனாலேயே இது நமக்குத் தெரிகிறது. நூல்களின் முகப்பை மாத்திரம் பார்த்திருந்தால் அந்தக் கன்னியரை நாம் அறிந்திருக்கமாட்டோம்.

அதே காலத்தில் இத்தாலியின் மாந்துவா நகரிலே எஸ்தெல்லினா என்ற யூதப் பெண் தன் கணவர் ஆபிரகாம் கொனாத்துடன் எபிரேய நூல்களை அச்சிட்டார். 1476ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த சிறிய நூலொன்றின் இறுதியிலே, ஓர் இளைஞனின் துணையோடு இந்நூலைத் தானே எழுதியதாகத் தன் பெயரிட்டுக் குறித்திருக்கிறார். எழுதினேன் என்றாரேயன்றி அச்சிட்டேன் என்று சொல்லவில்லை. அச்சிடுதல் என்பதற்கு எபிரேய மொழியிலே அப்போது ஒரு சொல் நிலைபெறவில்லை. சொல் பிறக்கும் முன்னரே அத்தொழிலைச் செய்து தன் பெயரையும் பதித்த இப்பெண் ஒரு விதிவிலக்கு. கணவன் உயிரோடிருக்கையில் பெயர் பதித்த பெண்கள் மிகச் சிலரே.

பொது வழக்கம் வேறு. அக்கால ஐரோப்பாவிலே அச்சகமும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. கீழ்த்தளத்திலே அச்சுப்பொறியும் கடையும். மேல்மாடியிலே சமையலும் படுக்கையும். தொழில் பயிலும் பையன்களுக்கு உணவிடுபவளும், கடையிலே விற்பவளும், கணக்கெழுதுபவளும், பல வேளைகளிலே பிழை திருத்துபவளும் வீட்டுத் தலைவியே. ஆயினும் நூலிலே தலைவன் பெயரே நிற்கும். தலைவன் இறந்தால் அவன் மனைவி அச்சகத்தைத் தொடர்ந்து நடத்தலாம் என்று தொழிற் சங்கங்களின் வழக்கம் இடங்கொடுத்தது. மறுமணம் செய்துகொண்டால் புதுக் கணவனின் பெயர் முகப்புக்கு வந்துவிடும். பெண்ணின் பெயர் வெளிப்படுவது இரண்டு ஆண்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் இறுதிக் கைம்மையிலுமே என்பது இதனால் விளங்கும்.

பாரிஸ் மாநகரிலே சான் ஷாக்கு தெரு என ஒரு தெரு உண்டு. பல்கலைக்கழகத்தை அடுத்த அத்தெருவிலே அச்சகங்கள் நெருங்கியிருந்தன. ஒற்றைக்கொம்புக் குதிரையைச் சின்னமாகக் கொண்ட அச்சகத்தை நடத்தியவர் யோலாந்து பொனொம். அவர் தந்தையும் அச்சுத்தொழிலாளரே. கணவர் தீல்மன் கெர்வர் 1522ஆம் ஆண்டிலே காலமானார். அதற்குப் பின் 1557 வரை, ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள், யோலாந்து அந்த அச்சகத்தை நடத்தினார். 1526ஆம் ஆண்டிலே அவர் வேதாகமத்தை வெளியிட்டார். வேதாகமத்தை அச்சிட்ட முதற் பெண் என அவரைக் குறிப்பிடுவர்.

அவர் அச்சகத்திலிருந்து மிகுதியாக வெளிவந்தவை கால மன்றாட்டு நூல்கள். ஒரு நாளின் வெவ்வேறு பொழுதுகளிலே ஓதத்தக்க செபங்களைத் தொகுத்து, திருநாட்களின் பட்டியலை முன்னே சேர்த்து, படங்களோடு அமைத்த சிறு நூல்கள் இவை. குருமாருக்கன்றி இல்லறத்தாருக்கென அமைந்தவை. பெண்கள் பெரிதும் விரும்பி வைத்திருந்தவை. வீட்டிலே இருக்கும் ஒரே புத்தகம் இதுவாகவும் இருக்கும். தாய் மகளுக்குக் கொடுப்பாள். அம்மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். அந்நூல்களின் வெற்றிடங்களிலே குடும்பத்துப் பிறப்புகளையும் இறப்புகளையும் எழுதிவைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அச்செய்தியைப் படித்த அன்று மாலை, இந்தத் தேவாரத் திரட்டை அலுமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். கடல்களுக்கு அப்பால், வேறு மொழியிலே, வேறு கடவுளை வேண்டியவர்களும் என் பாட்டியாரின் தாயார் செய்ததையே செய்திருக்கிறார்கள்.

அதே தெருவிலே பொற்சூரியன் என்ற சின்னத்தின்கீழ் இருந்தது ஷார்லொற் கியாரின் அச்சகம். பாரிஸ் நகரின் மிகப் பழைய அச்சகத்தின் வழிவந்தது அது. 1502ஆம் ஆண்டளவிலே மணமகளாக அவர் அத்தொழிலுக்குள் வந்தார். முதற் கணவர் இறந்தபின் சிறிது காலம் தாமே நடத்தினார். 1520ஆம் ஆண்டையொட்டி மறுமணம் செய்துகொண்டார். இரண்டாம் கணவர் குளோத் செவலோன் 1537இலே மறைந்தார். அன்று தொடங்கி 1557இல் தம் வாழ்வு முடியும் வரை இருபது ஆண்டுகள் தம் சொந்தப் பெயரிலே நூல்களை வெளியிட்டார். அவை நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றிலே பெரும்பகுதி கிறித்தவ சமயத்தின் ஆதி ஆசாரியர்களுடைய நூல்கள். அகுஸ்தீன், செரோம், கிறிசொஸ்தோம் முதலியோரின் எழுத்துகள், தூக்குவதற்கே இரு கைகள் வேண்டிய பெருந்தொகுதிகளாக அச்சாயின. அவற்றை வாங்கியவர்கள் மடங்களும் கல்லூரிகளும் ஆயர்களும். இத்தாலியைச் சேர்ந்த லிப்பொமானோ என்ற ஆயர், ஆதியாகமத்துக்கு முன்னோர் எழுதிய உரைகளைத் தொகுத்த தம் பெருநூலை ஷார்லொற்றிடமே ஒப்படைத்தார். அது 1546இல் வெளிவந்தது. இத்தாலியிலே அச்சகங்கள் இல்லாமலா பாரிசுக்கு வந்தார்? செம்மையாகவும் பிழையின்றியும் அச்சிடுபவர் என்ற நற்பெயரை அப்பெண்மணி ஈட்டியிருந்தார்.

இந்த இரு கைம்பெண்களும் ஒருமுறை ஒன்றுசேர்ந்தனர். தாள் உற்பத்தி செய்வோர் தரங்குறைந்த தாளைத் தருகின்றனர் என்று பல்கலைக்கழகத்திடம் முறையிட்டு வெற்றியும் கண்டனர். தேவாலயத்திலே வேதத்தை விளக்கிப் பேசப் பெண்ணுக்கு உரிமையில்லாத காலம் அது. பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளும் பெண்ணுக்கு மூடப்பட்டிருந்தன. ஆனால் அந்த ஆலயத்திலே குருவானவர் கையில் ஏந்திய நூலும், அந்த வகுப்பறையிலே ஆசிரியர் விரித்துவைத்த நூலும் இப்பெண்களின் அச்சகத்திலிருந்து சென்றவையாக இருந்தன.

கைம்மையின் வாயிலாக வராத பெண்களின் நிலை எவ்வாறிருந்தது? அன்ற்வேர்ப்பு நகரில் பிளாந்தன் என்ற பேரச்சகர் 1568 தொடங்கிச் சில ஆண்டுகளிலே எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் உள்ளிட்ட ஐந்து மொழிகளில் வேதாகமத்தை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். அவருடைய புதல்வியர் சிறுவயது முதலே பிழைதிருத்த உதவினர் என்பது அவர் எழுதிய கடிதத்தால் தெரிகிறது. மகள் மகதலேனா அந்த ஐம்மொழி வேதாகமத்தின் படிகளையும் பார்த்திருக்கிறாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயதளவிலேதான் இருக்கும். நம் பாடசாலைகளிலே எட்டாம் வகுப்பில் இருக்கும் ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். நூலின் முகப்பிலோ தந்தையின் பெயரே இருக்கிறது.

இலண்டனிலே தேசு சோல் என்ற பெண் குவேக்கர் சமயத்தாருடைய நூல்களை அச்சிட்டார். எழுத்துக் கோப்பதிலே தேர்ந்த அவர், 1691ஆம் ஆண்டிலே தந்தையாரின் அச்சகப் பொறுப்பை ஏற்றார். அவருடைய நூல்களிலே தம் பெயரின் முதலெழுத்தை மாத்திரம் இட்டார். அதைக் காண்பவர் ஆணென்றே எண்ணக்கூடும். 1706இல் அவருக்குத் திருமணமானது. அதன்பின் முகப்பிலே அவருடைய தாயாரின் பெயருக்குரிய முதலெழுத்து வந்தது. தாயார் கைம்பெண், மகளோ சுமங்கலி. தொழிலைச் செய்தவர் மகள். பெயர் நின்றது தாயாருக்கு. நான் முன்னர் கூறிய அந்தக் கதவின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை எனலாம்.

இனி நம் பக்கம் திரும்புவோம். தமிழ் எழுத்து அச்சேறியது மிகத் தொன்மையானது. 1578ஆம் ஆண்டிலே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற பதினாறு பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பாரிசின் அந்த இரு பெண்மணிகளும் மறைந்து அப்போது இருபத்தோர் ஆண்டுகளே ஆகியிருந்தன. 1710களிலே தரங்கம்பாடியில் தமிழ் அச்சகம் எழுந்தது. கொழும்பிலே ஒல்லாந்தர் நிறுவிய அச்சகம் 1737இல் முதற் சிங்கள நூலை வெளியிட்டது. தமிழ் நூல்களும் அங்கே அச்சாயின. 1759இல் பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழிலே வெளிவந்தது. கொட்டாஞ்சேனைக்கு அருகே இன்றும் நிற்கும் உல்வெண்டால் தேவாலயம் அக்காலத்திலேயே கட்டி முடிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிசன் அச்சகம் மானிப்பாயில் இயங்கியது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே தம் அச்சியந்திரசாலையை நிறுவிச் சைவ நூல்களை ஏட்டிலிருந்து தாளுக்குக் கொண்டுவந்தார். இவை யாவும் நாம் பெருமையோடு நினைக்கும் செயல்கள். ஆயினும் இந்த நூல்களின் முகப்புகளிலே அச்சிட்டவராகப் பெண் ஒருத்தியின் பெயரை நான் கண்டதில்லை.

காரணம் வெளிப்படை. பாரிஸ் நகரத்துக் கைம்பெண்ணுக்குத் தொழில் வழிவந்தது. நம் நாட்டுக் கைம்பெண்ணுக்கு வெள்ளைச் சேலையும் வீட்டின் பின்கட்டுமே வழிவந்தன. சில வகுப்புகளிலே குழந்தைப் பருவத்தில் மணமுடித்து, கணவன் முகத்தை அறியாமலே கைம்பெண்ணான சிறுமிகளும் இருந்தனர். எழுத்தறிவு இருந்தாலன்றோ எழுத்துக் கோப்பது?

ஆயினும் அச்சு வருமுன்னரே ஒரு கைம்பெண் செய்த அருஞ்செயலை இங்கே நினைவுகூர வேண்டும். கன்னட நாட்டிலே பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அத்திமப்பே என்ற சமணப் பெருமாட்டி. அவர் கணவர் போரிலே மாண்டார். அதே கணவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய தங்கை உடன்கட்டை ஏறினாள். கைக்குழந்தையோடு இருந்த அத்திமப்பே உயிர் வாழ்ந்தார். கவிஞர் பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் ஓலையிலே எழுதுவித்து அவர் வழங்கினார். ஒவ்வோர் எழுத்தும் எழுத்தாணியாற் கீறப்பட்ட காலத்தில் ஆயிரம் படிகள்! தம் வரலாற்றைக் கவிஞர் ரன்னர் 993ஆம் ஆண்டிலே முடித்த அஜித புராணத்தில் பாடுமாறு செய்தவரும் அவரே. ஆனால் அவருக்குச் செல்வமும் அரசச் செல்வாக்கும் இருந்தன. செல்வமில்லாத கைம்பெண்களின் கையிலே திருநூலை உண்டாக்கும் தொழிலை ஒப்படைத்தவர் அவருக்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளின் பின் தோன்றினார். அவர்தாம் பண்டித ரமாபாய்.

ரமாபாய் 1858ஆம் ஆண்டிலே மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலே பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி வடமொழி வல்லுநர். பெண்ணுக்கு வடமொழி கற்பிக்கலாகாது என்ற ஊர் வழக்கத்தை மீறித் தம் மனைவிக்குக் கற்பித்தார். அந்தத் தாயே மகளுக்கு ஆசிரியை ஆனார். குடும்பம் முழுவதும் தலங்கள்தோறும் கால்நடையாகச் சென்று புராணம் வாசித்தது. 1870களிலே பஞ்சம் வந்தது. பெற்றோரும் தமக்கையும் அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய தமையனும் தங்கையும் நடந்தே கல்கத்தாவை அடைந்தனர். அங்கே அறிஞர்கள் அவருடைய புலமையைச் சோதித்து, பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டமளித்தனர். 1880இலே திருமணம், 1882இலே கணவர் மறைவு. இருபத்துநான்கு வயதும் நிரம்பாத கைம்பெண். கையிலே ஒரு பெண்குழந்தை.

1883இல் இங்கிலாந்து சென்றார்; அங்கே கிறித்தவரானார். பின்னர் அமெரிக்காவிலே இருந்தபோது இந்தியப் பெண்களின் நிலைபற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1887இல் வெளிவந்தது. 1889இலே பம்பாயில் கைம்பெண்களுக்கெனச் சாரதா சதனம் என்ற பள்ளியைத் தொடங்கினார். மறுவருடம் அது பூனாவுக்கு மாறியது. அவருடைய மதமாற்றத்தைப் பற்றி அன்றே கடும் வாதங்கள் எழுந்தன. தொடக்கத்தில் துணைநின்ற பெரியோர் சிலர் பின்னர் விலகினர். அவ்வழக்கிலே தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. எந்தச் சமயத்தவராயினும் மறுக்கவியலாத ஒரு செயலையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1896ஆம் ஆண்டிலே மத்திய இந்தியாவில் பெரும் பஞ்சம் தோன்றியது. தம் பெற்றோரை விழுங்கிய பசியை மறவாத ரமாபாய் நேரிற் சென்று, முந்நூறு அளவிலான பெண்களையும் சிறுமிகளையும் அழைத்துவந்தார். பூனாவுக்குக் கிழக்கே கேட்கான் என்ற ஊரிலே வாங்கியிருந்த நிலத்தில் அவர்களைக் குடியமர்த்தினார். 1898இல் முக்தி சதனம் அங்கே உருப்பெற்றது. 1900ஆம் ஆண்டளவிலே அங்கே வாழ்ந்தோர் தொகை சுமார் 1,500. கைம்பெண்களும் அனாதைச் சிறுமிகளும் கைவிடப்பட்டோரும் அவர்களுட் பலர். அவர்கள் தானம் பெற்று உண்பவர்களாக இருப்பதை ரமாபாய் விரும்பவில்லை. நெசவு, பயிர்த்தொழில், பால்பண்ணை, தையல் முதலியவற்றோடு அச்சுத்தொழிலையும் அவர்களுக்குக் கற்பித்தார்.

அந்த அச்சகத்தின் பெருமுயற்சி மராத்தி வேதாகமம். முன்னரே மராத்தியிலே வேதாகமம் இருந்தது. ஆனால் அதன் நடை கற்றோர் நடை, வடசொற்கள் மலிந்தது. பஞ்சத்திலிருந்து வந்து அண்மையிலே எழுத்துக் கற்ற பெண்ணுக்கு அது எட்டவில்லை. ஆகவே எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் தாமே முயன்று கற்று, மூலத்திலிருந்து எளிய மராத்தியிலே ரமாபாய் பெயர்க்கத் தொடங்கினார். வடமொழிக் கடலை நீந்திய ஒருவர், தம் மாணவியருக்காக அந்த வடசொற்களையே விலக்கி எழுதினார் என்பது எண்ணத்தக்கது. இப்பணியிலே ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன.

அவர் எழுதியதைக் கோத்தவர்களும் அச்சடித்தவர்களும் மடித்துத் தைத்தவர்களும் அந்த முக்தி சதனத்துப் பெண்களே. மராத்தியின் நாகரி எழுத்து கோப்பதற்கு எளிதன்று. உயிர்க்குறிகள் சில எழுத்தின் மேலே ஏறும். சில கீழே தொங்கும். மெய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கூட்டெழுத்தாகும். ஒரு குறி தவறினால் சொல் வேறாகும். வேதநூலிலே சொல் வேறானால் பொருள் என்னவாகும்? எழுத்தின் வடிவத்தையே அறியாதிருந்தவர்கள் சில ஆண்டுகளிலே அவ்வெழுத்தை இடம்வலம் மாறியும் படிக்கும் ஆற்றல் பெற்றார்கள். வேதம் பெண்ணின் செவியிலே விழலாகாது என்று கேட்டு வளர்ந்த ஒருவர், தாம் ஏற்றுக்கொண்ட வேதத்தைப் பெண்களின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

1921இலே ரமாபாயின் ஒரே மகள் மனோரமா காலமானார். 1922 ஏப்ரில் 5ஆம் நாள் ரமாபாயும் மறைந்தார். மொழிபெயர்ப்பின் இறுதிப் படிகளைத் திருத்தி முடித்த பின்னரே அவர் கண்மூடினார் என்று அவர் வரலாறெழுதியோர் கூறுவர். முழு வேதாகமமும் 1924இல் வெளிவந்தது. அதை அச்சேற்றி முடித்தவர்கள் அவர் விட்டுச்சென்ற பெண்கள்.

இரு கைம்மைகளையும் இப்போது அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஷார்லொற்றுக்கும் யோலாந்துக்கும் ஊர் வழக்கம் ஓர் உரிமையைத் தந்தது. அவர்கள் அதைத் திறமையாற் பெருக்கினர். ஆனால் அவ்வுரிமை ஒரு கணவனின் மரணத்தைச் சார்ந்தது. அச்சகம் உடையவனின் மனைவிக்கு மாத்திரம் கிடைத்தது. ரமாபாய் காட்டிய வழியிலே பயிற்சியே உரிமையாயிற்று. கணவன் எவனாயிருந்தான் என்பது கேட்கப்படவில்லை. கற்க வந்தாயா என்பதே கேட்கப்பட்டது. இவ்வேறுபாட்டை ஓர் ஆசிரியன் பெரிதாக மதிப்பது இயல்பே.

ஆயினும் ஒரு குறை அங்கேயும் எஞ்சியது. மராத்தி வேதாகமம் என்றதும் ரமாபாயின் பெயரை உலகம் சொல்கிறது, சொல்வது தகும். அந்தப் பல்லாயிரம் வரிகளைக் கோத்த பெண்களோ முக்தி சதனத்துப் பெண்கள் என்ற பொதுப்பெயரால் மாத்திரமே வழங்கப்படுகின்றனர். ரிப்போலி மடத்துக் கன்னியருக்கு ஒரு கணக்குப் புத்தகமாவது சான்று கூறியது.

நம் தமிழுலகிலும் பின்னர் மாற்றம் வந்தது. பள்ளி சென்று பயிலாத வை. மு. கோதைநாயகி அம்மாள், தம் முதல் நூலைத் தோழியொருவர் எழுதிக்கொள்ளச் சொல்லி உருவாக்கினார். அவரே 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தி, சொந்த அச்சகமும் கண்டார். யாழ்ப்பாணத்திலே மங்களம்மாள் மாசிலாமணி 1920களில் தமிழ் மகள் என்ற இதழை வெளியிட்டார். பெண்ணின் பெயர் முகப்புக்கு வரக் கைம்மை தேவையில்லை என்ற நிலை மெல்ல மெல்ல உருவாயிற்று.

நேயர்களே, 1981இலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. பொதுவிடத்திலே சேர்த்துவைத்த செல்வம் அவ்வாறு போயிற்று. வீடுகளிலே, சாமியறைத் தட்டுகளிலே, சேலைகளுக்கிடையிலே வைத்த நூல்கள் பலவற்றைப் பெண்கள் இடம்பெயர்ந்தபோதெல்லாம் தூக்கிச் சென்று காத்தனர். தேவாரமாயினும் செபப்புத்தகமாயினும் திருக்குர்ஆனாயினும் இதுவே நிலை. அந்நூல்களை அவர்கள் அச்சிடவில்லை. ஆனால் அவை இன்று இருப்பது அவர்களால்.

எங்கள் பாடசாலையிலே சென்ற ஆண்டு ஒரு சிறு முயற்சி செய்தோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள மிகப் பழைய சமய நூலைப் பார்த்து நான்கு செய்திகளை எழுதிவரச் சொன்னேன். நூலின் பெயர், அச்சிட்ட இடமும் ஆண்டும், அதிலே கையால் எழுதப்பட்டிருக்கும் பெயர்கள், அந்நூலை இதுவரை வைத்திருந்தோர் யார் யார் என்பவை அவை. மூன்றாவது வினாவுக்கும் நான்காவது வினாவுக்கும் வந்த விடைகளிலே பெரும்பாலானவை அம்மம்மாமார், அப்பம்மாமார், பெரியம்மாமார் பெயர்களே. அப்பதிவேடு இப்போது எங்கள் நூலகத்திலே நூற்பட்டியலின் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு நூல் இருக்கும். இன்றிரவே அதை எடுத்துப் பாருங்கள். முகப்பிலே உள்ள பெயர்களைப் படியுங்கள். பின்பு அச்சிடப்படாத ஏட்டைத் திருப்பி, அங்கே மங்கிவரும் மையிலே இருக்கும் பெயர்களை வேறொரு தாளிலே தெளிவாக எழுதி வையுங்கள். வீட்டிலே முதியவர் ஒருவர் இருப்பாராயின், அக்கையெழுத்து யாருடையது என்பதை அவரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். என் பாட்டியாரிடம் நான் அன்று கேட்டதனால்தான், அந்த ஏட்டின் முதல் ஆறு வரிகளை எழுதியவர் என் பூட்டியார் என்பது எனக்குத் தெரியும்.